வெயிலை அறிந்து வீடு கட்டுவோம்

நுழையும்முன்

வெயிலிலிருந்தும் மழையிலிருந்தும் நம்மைக் காப்பதற்காகவே வீடு கட்டுகிறோம். ஆனால், கோடைக்கால இரவுகளில் வீட்டுக்குள் படுக்க இயலாமல் வாசலுக்கும் மொட்டை மாடிக்கும் மக்கள் பாயைத் தூக்கிச் செல்வதைக் காண்கிறோம். காக்க வேண்டிய வீடே வெப்பத்தைச் சேர்த்துவைக்கும் கலனாக மாறியது ஏன்? குறைந்த மின்சாரத்தில் இதமாக வாழத்தக்க வீட்டைக் கட்ட முனைவோர் எதிர்கொள்ளும் இடர்ப்பாடுகள் எவை? அவற்றைக் கடக்கும் வழிகள் எவை? இவை குறித்த கருத்துகளை முன்வைக்கிறது இக்கட்டுரை.

நடுத்தரக் குடும்பம் ஒன்று பெரும்பாலும் வாழ்நாளில் ஒரு முறைதான் வீடு கட்டுகிறது. பல்லாண்டுச் சேமிப்பும், நகையை அடகு வைத்துப் பெற்ற தொகையும், இருபது ஆண்டுகளுக்கு நீளும் வங்கிக் கடனும் அவ்வீட்டில் அடங்கியுள்ளன. பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அதில் வாழப்போகிறார்கள். ஆயினும், தரைக்கு எந்த நிறக் கல், முகப்புக்கு எந்த வண்ணம் என்று ஆராயும் ஆர்வம், வெயில் எந்தச் சுவரில் விழும், காற்று எந்தச் சன்னல் வழியாக நுழைந்து எதன் வழியாக வெளியேறும் என்று ஆராய்வதில் நமக்கு இருப்பதில்லை. இந்தக் கவனக்குறைவின் விலையை ஒவ்வொரு கோடையிலும் மின்கட்டணமாகவும் உறக்கமற்ற இரவுகளாகவும் செலுத்தி வருகிறோம்.

ஆற்றல் சிக்கன வீடு என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருபவை, கூரைமீது பளபளக்கும் சூரிய மின்தகடுகளும் ஐந்து நட்சத்திரக் குறியீடு பெற்ற குளிர்சாதனக் கருவியுமே. இவை பயனற்றவை அல்ல. ஆனால், ஒரு வீட்டின் ஆற்றல் தேவையில் பெரும்பகுதி, கடைக்கால் தோண்டுவதற்கு முன்பே வரைபடத்தில் தீர்மானிக்கப்பட்டுவிடுகிறது. பின்னர் வாங்கும் கருவிகள் நல்ல வரைபடத்தின் பயனைப் பெருக்கும். தவறான வரைபடத்தின் குறையை முழுவதும் போக்க அவற்றால் இயலாது. எனவே, வீடு கட்டுவோர் முதலில் பெற வேண்டியது வெயிலையும் காற்றையும் பற்றிய அறிவே என்பது என் கருத்து.

வெயிலின் வழி

தமிழ்நாடு நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 8 பாகை முதல் 13.5 பாகை வரை அமைந்துள்ளது. இதனால் கோடையில் கதிரவன் நம் தலைக்கு நேர் மேலே வருகிறது. சென்னையில் ஏப்ரல் இறுதியிலும் மீண்டும் ஆகஸ்டு மாதத்திலும் நண்பகல் கதிரவன் உச்சியில் நிற்கும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட மாதங்களில் அது நண்பகலில் சற்றே வடக்கில் நிற்கும். மார்கழியில் தெற்கே சாய்ந்து செல்லும்.

இந்த எளிய உண்மையிலிருந்து மூன்று முடிவுகள் கிடைக்கின்றன. முதலாவது, மற்ற எந்தப் பகுதியைவிடவும் கூரையே மிகுந்த வெயிலைப் பெறுகிறது. இரண்டாவது, கிழக்குச் சுவரும் மேற்குச் சுவரும் தாழ்வாக வரும் வெயிலை நேரடியாக வாங்குகின்றன. சன்னல்மேல் நீளும் வெயில் மறைப்பினால் அந்தச் சாய்ந்த கதிர்களைத் தடுக்க இயலாது. மூன்றாவது, வடக்குச் சுவரிலும் தெற்குச் சுவரிலும் விழும் உயர்ந்த வெயிலை இரண்டடி நீளமுள்ள மறைப்பே பெரும்பாலும் தடுத்துவிடும். ஆகவே, வீட்டின் நீண்ட பக்கங்கள் வடக்கும் தெற்கும் நோக்கியிருப்பதும், மேற்குப் பக்கத்தில் குளியலறை, மாடிப்படி, பொருள் வைப்பறை போன்றவை அமைவதும் நன்று. படுக்கையறையை மேற்கில் வைத்துவிட்டு, மாலை வெயிலில் காய்ந்த சுவரின் அருகில் இரவெல்லாம் படுத்திருப்பது நாமே வரவழைத்துக்கொள்ளும் துன்பமாகும்.

ஆனால், நடைமுறையில் மனை நம் விருப்பப்படி அமைவதில்லை. மூன்று செண்டு மனை. அதன் குறுகிய முகம் மேற்கே உள்ள தெருவை நோக்கியிருக்கிறது. இரு பக்கங்களிலும் அண்டை வீடுகள். இந்நிலையில் வீட்டைத் திருப்ப இயலாது. வெயிலை மட்டுமே திருப்ப முடியும். மேற்கு முகப்பில் ஆழமான தாழ்வாரம் அமைக்கலாம். துளையிட்ட சாளரச் சுவர் எழுப்பலாம். இடம் இருப்பின் வேம்போ புங்கமோ நடலாம். முகப்பு அழகு என்ற பெயரில் மேற்குச் சுவர் முழுவதும் கண்ணாடி பதிப்பதோ வெப்பத்தை விலை கொடுத்து உள்ளே அழைப்பதாகும். கண்ணாடி வழியே நுழையும் ஒளி அறைப்பொருள்களைச் சூடாக்குகிறது. அப்பொருள்கள் வெளிவிடும் வெப்பம் கண்ணாடியைக் கடந்து எளிதில் வெளியேறுவதில்லை.

பெரிய கண்ணாடிச் சன்னல் குளிர்நாடுகளில் நன்மை தரும். ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் நகரில் 1991ஆம் ஆண்டு 'பாசிவ் ஹவுஸ்' என்னும் வகையின் முதல் குடியிருப்பு பயன்பாட்டுக்கு வந்தது. தடித்த வெப்பக்காப்பும் காற்றுப்புகாத அமைப்பும் தெற்குக் கண்ணாடியும் அதன் சிறப்புகள். உள்ளிருக்கும் வெப்பத்தை வெளியே விடாமல் காப்பது அவர்களின் தேவை. வெளி வெப்பத்தை உள்ளே விடாமலும், உள்ளே வந்ததை விரைவாக வெளியேற்றவும் வேண்டியது நம் தேவை. நோய் வேறாக இருக்கும்போது மருந்து ஒன்றாக இருக்க இயலாது.

கூரையைக் கவனித்தல்

நம் வீடுகளில் இன்று கான்கிரீட் தளமே கூரையாக உள்ளது. அது உறுதியானது, மேலே மாடி எழுப்பவும் ஏற்றது. ஆனால், பகல் முழுவதும் வெயிலை உறிஞ்சி, மாலைக்குப் பின் அவ்வெப்பத்தை அறைக்குள் மெல்ல மெல்ல விடுவது அதன் இயல்பு. இரவு பத்து மணிக்கு மின்விசிறி வெந்நீர் போன்ற காற்றை வீசுவதற்குக் காரணம் மின்விசிறி அன்று. அதற்கு மேலுள்ள தளமே.

இதற்குத் தீர்வு நம் ஊர்க் கொத்தனார்கள் முன்பே அறிந்த ஒன்றுதான். தளத்தின்மீது செங்கல் ஜல்லியையும் சுண்ணாம்பையும் கலந்து பரப்பி, அதன்மேல் தட்டோடு பதிப்பது வழக்கமாக இருந்தது. அக்கலவை வெப்பத்தைத் தாமதப்படுத்தியது. மழைநீர் வடிவதற்கான வாட்டத்தையும் தந்தது. நாள் பிடிக்கும் வேலை என்பதால் இப்போது பலர் இதனைக் கைவிட்டு, சிமெண்டுப் பூச்சோடு நிறுத்திவிடுகின்றனர். வெயிலை எதிரொளிக்கும் வெள்ளை ஓடு பதிப்பதும், வெண்பூச்சு பூசுவதும் பிற வழிகள். தெலங்கானா மாநிலம் 2023ஆம் ஆண்டில் இத்தகைய குளிர் கூரைகளுக்கென்றே ஒரு கொள்கையை வெளியிட்டது.

எந்த வழியும் பராமரிப்பின்றி நிலைக்காது. வெண்பூச்சில் தூசியும் பாசியும் படிந்தால் அதன் எதிரொளிக்கும் திறன் குறையும். ஆண்டுதோறும் கழுவவோ மீண்டும் பூசவோ வேண்டும். மாடித்தோட்டம் அமைப்போர் ஈரமண்ணின் எடையைத் தளம் தாங்குமா, நீர் கசியாதா என்பதைப் பொறியாளரிடம் முன்பே கேட்டறிய வேண்டும்.

காற்றின் வழி

காற்று நுழைய ஒரு வழி போதாது. அது வெளியேற எதிர்ப்பக்கத்தில் மற்றொரு வழியும் வேண்டும். ஒரே சுவரில் இரண்டு சன்னல்கள் வைத்த அறையைவிட, எதிரெதிர்ச் சுவர்களில் ஒவ்வொன்று வைத்த அறை காற்றோட்டமாக இருக்கும். சென்னை போன்ற கடற்கரை ஊர்களில் பிற்பகலில் கிழக்கிலிருந்தும் தென்கிழக்கிலிருந்தும் கடற்காற்று வருகிறது. கோவை, பொள்ளாச்சிப் பகுதிகளில் பாலக்காட்டுக் கணவாய் வழியே தென்மேற்குப் பருவக்காற்று மேற்கிலிருந்து வீசுகிறது. ஊருக்கு ஊர் காற்றின் திசை மாறும்போது, ஒரே வரைபடத்தை எல்லா ஊர்களுக்கும் நகலெடுப்பது பொருந்துமா?

இந்திய அரசின் ஆற்றல் திறன் பணியகம் 2018ஆம் ஆண்டில் குடியிருப்புக் கட்டடங்களுக்காக 'எக்கோ நிவாஸ் சம்ஹிதா' என்னும் விதித்தொகுப்பை வெளியிட்டது. வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த பகுதிகளில், திறக்கக்கூடிய சன்னல், கதவு, காற்றுத்துளை ஆகியவற்றின் பரப்பு, தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்கேனும் இருக்க வேண்டும் என்கிறது அது. அதாவது, 120 சதுர அடி அறைக்கு 20 சதுர அடி திறப்பு தேவை. இங்கே 'திறக்கக்கூடிய' என்ற சொல்லே முதன்மையானது. பக்கவாட்டில் நகரும் இருகதவுச் சன்னல், எவ்வளவு பெரிதாயினும், பாதியளவே திறக்கும். கீல் வைத்து வெளிப்புறம் திறக்கும் சன்னலோ ஏறத்தாழ முழுவதும் திறக்கும். இவ்வேறுபாட்டை அறியாமல் வாங்கிவிட்டால், காற்றில் பாதியை இழந்துவிடுவோம்.

சன்னலைத் திறந்து வைக்கவும் தடைகள் உண்டு. கொசு, திருட்டு அச்சம், தெருவின் இரைச்சல், எதிர்வீட்டார் பார்வை ஆகியவற்றால் மாலையானதும் சன்னல்கள் மூடப்படுகின்றன. கொசுவலை காற்றின் வேகத்தைக் குறைப்பதால் அதற்கேற்பத் திறப்பைப் பெரிதாக்க வேண்டும். உறுதியான கம்பி, வலை, உயரத்தில் அமைந்த காற்றுத்துளை ஆகியவற்றை வரைபடத்திலேயே சேர்க்காவிட்டால், காற்றோட்டம் தாளில் மட்டுமே நிலைக்கும்.

பழமையிலிருந்து பெறுவன

ஆற்றல் சிக்கனம் பற்றிப் பேசும்போது செட்டிநாட்டு வீடுகளையும் தஞ்சைப் பகுதியின் முற்றம் வைத்த வீடுகளையும் நாம் பெருமையுடன் எடுத்துக்காட்டுகிறோம். திண்ணை தெருவின் வெம்மையைத் தடுத்தது. முற்றம் சூடான காற்றை மேலே வெளியேற்றியது. தடித்த சுவரும் சுண்ணாம்புப் பூச்சும் பகல் வெப்பத்தை மெதுவாகவே உள்ளே விட்டன. இப்பெருமை உண்மையானது. ஆயினும், அவ்வீடுகளை அப்படியே மீண்டும் கட்ட முடியாது. தேக்கு உத்தரங்களின்மேல் செங்கற்களை நிறுத்தி வைத்துச் சுண்ணாம்பால் பிணைத்த 'மெட்ராஸ் ஒட்டு' கூரைக்கு வேண்டிய மரமும் கைத்திறனும் இன்று அரியவை. ஒரு தெருவிலிருந்து அடுத்த தெரு வரை நீண்ட மனையில் அமைந்த முற்றத்தை மூன்று செண்டுக்குள் அடக்க இயலாது.

எனவே, பழைய வீட்டின் வடிவத்தைவிட அதன் கொள்கையையே நாம் பெற வேண்டும். திண்ணைக்கு இடமில்லையெனில், வாசலுக்கு ஆழ்ந்த நிழல் தரலாம். முற்றத்துக்கு இடமில்லையெனில், மாடிப்படியின் உச்சியில் திறப்பு வைத்து வெப்பக்காற்றை வெளியேற்றலாம். இடத்தையும் அறிய வேண்டும். மதுரை, கரூர் போன்ற உள்நாட்டு ஊர்களில் தடித்த சுவர் பகல் வெயிலைத் தாமதப்படுத்திப் பயன்தரும். கடற்கரையில் இரவிலும் வெப்பமும் ஈரப்பதமும் குறையாததால், நிழலும் இடையறாத காற்றோட்டமும் சுவரின் தடிப்பைவிட அதிகம் உதவும்.

மாற்று முறைகளும் கைத்திறனும்

இங்கிலாந்தில் பிறந்து கேரளத்தில் வாழ்ந்த கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் (1917 - 2007), குறைந்த செலவில் எளிய வீடுகளைக் கட்டிக் காட்டியவர். 1990ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருது பெற்றவர். அவர் பரவலாக்கிய 'எலிப்பொறிக் கட்டு' முறையில் செங்கற்கள் பக்கவாட்டில் நிறுத்திவைத்துக் கட்டப்படுகின்றன. சுவருக்குள் உண்டாகும் வெற்றிடம் வெப்பம் கடப்பதைக் குறைக்கிறது. செங்கல் தேவையும் ஏறத்தாழக் கால் பங்கு குறைகிறது. கான்கிரீட் தளத்தின் கீழ்ப்பகுதியில் பழைய மங்களூர் ஓடுகளை இடையிடையே வைத்துக் கலவையைக் குறைக்கும் முறையையும் அவர் கையாண்டார். புதுச்சேரியை அடுத்த ஆரோவில் மண் நிறுவனம், மண்ணுடன் ஏறத்தாழ ஐந்து விழுக்காடு சிமெண்டு கலந்து எந்திரத்தால் அழுத்திச் செய்யும் மண்கற்களைப் பல்லாண்டுகளாகப் பயிற்றுவித்து வருகிறது. இக்கற்களைச் சூளையில் சுட வேண்டியதில்லை.

இவ்வளவு நல்ல முறைகள் இருந்தும் அவை பரவாமைக்கு மக்களின் அறியாமையை மட்டும் காரணமாகக் கூறிவிட முடியாது. எலிப்பொறிக் கட்டுக்கு ஒரே அளவுள்ள, முனை மழுங்காத செங்கல் வேண்டும். சுவருக்குள் வெற்றிடம் இருப்பதால், மின்குழாய் செல்லும் வழியை முன்கூட்டியே திட்டமிட வேண்டும். கட்டி முடித்தபின் நினைத்த இடத்தில் சுவரை வெட்டக்கூடாது. மண்கல்லுக்கு எல்லா மண்ணும் ஏற்றதன்று. மணலும் களியும் தக்க அளவில் உள்ளனவா என்று சோதிக்க வேண்டும். செய்த கற்களை நீர் தெளித்துப் பல நாள் பதப்படுத்த வேண்டும். எடை குறைந்த ஏஏசி கற்கள் வெப்பத்தை எளிதில் கடத்துவதில்லை. ஆனால், வழக்கமான செங்கல் சுவரைப் போலவே எண்ணிப் பூசினால் பூச்சில் வெடிப்பு விழும். கனமான பொருள்களைத் தொங்கவிட அவற்றுக்கெனத் தனித் திருகாணிகள் வேண்டும்.

ஒவ்வொரு முறையும் அதற்குரிய கைத்திறனைக் கேட்கிறது. அத்திறன் பெற்ற கொத்தனார் அருகில் இல்லாதபோது, பொறியாளரும் 'வழக்கமான முறையே போதும்' என்கிறார். அவரைக் குறைகூற இயலாது; சுவரில் ஈரம் இறங்கினால் பழி அவர்மீதுதான் விழும். ஆகவே, புதிய முறையை விரும்புவோர் அம்முறையில் கட்டிய வீட்டை மழைக்காலத்தில் நேரில் சென்று பார்த்து, அங்கு வாழ்வோரிடம் நிறைகுறைகளைக் கேட்டபின் முடிவெடுப்பதே அறிவுடைமை.

செலவும் பயனும்

இடர்ப்பாடுகளுள் பெரியது பணக்கணக்கே. ஒப்பந்தக்காரருக்குச் சதுர அடிக் கணக்கில் கூலி தரப்படுகிறது. சன்னல்மேல் நீளும் மறைப்போ தட்டோடு பதித்த கூரையோ அறையின் பரப்பைக் கூட்டுவதில்லை. எனவே, செலவைக் குறைக்க வேண்டிய நிலை வந்தால் முதலில் வெட்டப்படுபவை அவையே. ஒப்பந்தத்தில் இவற்றின் அளவையும் பொருளையும் தனித்தனியே எழுதிவைக்காதவர், பின்னர் வாதிட இயலாது.

செலவழிக்கும் வரிசையும் முதன்மையானது. அறைகளின் இடம், சன்னலின் திசை ஆகியவற்றைச் சரியாக அமைப்பதற்குக் கூடுதல் செலவு இல்லை; சிந்தனையே தேவை. வெயில் மறைப்பு, கூரைப் பாதுகாப்பு, வெளிர்நிறப் பூச்சு ஆகியவற்றுக்குச் சிறிதளவு செலவாகும். அடுத்து, மின்கருவிகள். பழைய வகை மின்விசிறி ஏறத்தாழ 75 வாட் மின்சாரம் கொள்ளும். பிஎல்டிசி வகை மின்விசிறிக்கு ஏறத்தாழ 30 வாட் போதும். நான்கு விசிறிகள் நாளொன்றுக்குப் பத்து மணிநேரம் வீதம் 300 நாள்கள் சுழன்றால், ஆண்டுக்கு 540 யூனிட் மிச்சமாகும்.

சூரிய மின்தகடு இவற்றுக்குப் பின்னரே வர வேண்டும் என்பேன். ஒரு கிலோவாட் தகடுகள் நம் மாநிலத்தில் நாளொன்றுக்குச் சராசரியாக ஏறத்தாழ நான்கு யூனிட் தரும். 2024ஆம் ஆண்டு தொடங்கிய மத்திய அரசின் திட்டம், மூன்று கிலோவாட் அமைப்புக்கு 78,000 ரூபாய் மானியம் வழங்குகிறது. இது நல்ல வாய்ப்பே. ஆயினும், தகடுகள் பகலில் மின்சாரம் தருகின்றன. சூடேறிய வீட்டுக்குக் குளிர்சாதனம் தேவைப்படுவதோ பெரும்பாலும் இரவில். தேவையைக் குறைத்தபின் உற்பத்தியைத் திட்டமிட்டால், சிறிய அமைப்பே போதுமானதாக இருக்கும்.

"குளிர்சாதனக் கருவியை வாங்கிப் பொருத்திவிட்டால் முடிந்தது, இவ்வளவு ஆராய்ச்சி எதற்கு?" என்று சிலர் வினவலாம். முதுமை, நோய், கடும் வெப்ப அலை ஆகியவற்றின்போது அக்கருவி உயிர்காக்கும் தேவையாவதை மறுக்கவில்லை. ஆனால், அது அறையின் வெப்பத்தை அழிப்பதில்லை; தெருவுக்குத் தள்ளுகிறது. அந்த வெப்பத்தைக் கருவி வாங்க இயலாத அண்டை வீட்டார் தாங்குகின்றனர். தமிழ்நாட்டின் உச்ச மின்தேவை 2024ஆம் ஆண்டு மே மாதத்தில் 20,000 மெகாவாட்டைத் தாண்டியது. ஒவ்வொரு வீடும் சூடாகக் கட்டப்பட்டுக் கருவியால் குளிர்விக்கப்படுமாயின், இத்தேவை மேலும் உயர்வதைத் தடுக்க இயலாது.

யாருடைய பொறுப்பு?

மேலே கூறிய 2018ஆம் ஆண்டு விதித்தொகுப்பு, 500 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள மனைகளைக் கருதியே எழுதப்பட்டது. அது ஏறத்தாழப் பன்னிரண்டு செண்டு. மூன்று செண்டிலும் ஐந்து செண்டிலும் வீடு கட்டும் மிகப்பலர் அதன் வரம்புக்கு வெளியே நிற்கின்றனர். கட்டட வரைபடக் கலைஞரை அமர்த்தும் வசதியும் அவர்களுள் பலருக்கு இல்லை. அறிவுரை மிகுதியாகத் தேவைப்படுவோருக்கே அது எட்டாத நிலையில் உள்ளது.

இந்நிலை மாற வேண்டும். வரைபட அனுமதி வழங்கும் உள்ளாட்சி அலுவலகங்களில், அவ்வூரின் வெயிலுக்கும் காற்றுக்கும் ஏற்ற மாதிரி வரைபடங்கள் இலவசமாகக் கிடைக்க வேண்டும். தொழிற்பயிற்சி நிலையங்களிலும் பல்தொழில்நுட்பக் கல்லூரிகளிலும் மாற்றுக் கட்டுமான முறைகள் கைப்பயிற்சியாகக் கற்பிக்கப்பட வேண்டும். வங்கிகள், கூரைப் பாதுகாப்புக்கும் வெயில் மறைப்புக்கும் ஆகும் செலவைக் கடன் மதிப்பீட்டில் தனியே ஏற்க வேண்டும். குடிசைகளுக்கு மாற்றாக 2030ஆம் ஆண்டுக்குள் எட்டு இலட்சம் வீடுகளைக் கட்டித்தரும் நோக்குடன் 'கலைஞரின் கனவு இல்லம்' திட்டம் 2024ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. 360 சதுர அடி வீட்டில் கூரையின் பெரும்பகுதி கான்கிரீட்டாக அமைகிறது. புயலுக்கும் தீக்கும் அஞ்சி வாழ்ந்தோருக்கு இது பெரும்பேறு. அக்கூரைமீது ஒரு வெண்பூச்சும், மேற்குப் பக்கத்தில் ஒரு மரமும் சேருமாயின், ஓலைக் கூரையின் குளிர்ச்சியை இழந்தோம் என்று எவரும் வருந்த நேராது. வசதி படைத்தோர் தவறான வீட்டைக் கருவியால் ஈடுசெய்துகொள்வர். எளியோர் அந்த வீட்டின் வெப்பத்தை உடலால் தாங்க வேண்டியிருக்கும். ஆகவே, ஆற்றல் சிக்கனம் எளியோருக்கே முதலில் உரியது.

பதினொன்றாம் வகுப்பில் பயிலும் நீங்கள், வருங்காலத்தில் பொறியாளராகவோ கொத்தனாராகவோ வங்கி அலுவலராகவோ உள்ளாட்சி உறுப்பினராகவோ ஆகக்கூடும். எப்பணியில் இருப்பினும், ஒரு நாள் உங்களுள் பலர் ஒரு வீட்டின் வரைபடத்துக்கு முன் அமரப்போகிறீர்கள். அதற்கு இன்றே ஆயத்தமாகலாம். இரவு ஒன்பது மணிக்கு உங்கள் வீட்டின் நான்கு சுவர்களையும் தொட்டுப் பாருங்கள்; எது சூடாக உள்ளது, ஏன் என்று குறித்துவையுங்கள். காற்று நுழையும் சன்னலையும் வெளியேறும் சன்னலையும் கண்டறியுங்கள். உங்கள் குடும்பமோ உறவினரோ வீடு கட்டவிருந்தால், முகப்பின் வண்ணம் பற்றிய பேச்சுக்கு முன்னால், "மேற்கு வெயில் எங்கே விழும்? கூரைக்கு மேல் என்ன போடப்போகிறோம்? சன்னல் முழுவதும் திறக்குமா?" என்னும் மூன்று வினாக்களை எழுப்புங்கள். கடைக்கால் தோண்டுவதற்கு முன் கேட்கப்படும் இவ்வினாக்களுக்குச் செலவு ஏதும் இல்லை. தளம் போட்டபின் கேட்டால், விடை தெரிந்தும் பயனில்லை.